குன்னூர் மேசையில் ஒரு 1910 ஜெர்மன் பேட்டில் குரூசர்: டன் டன்னாக வரைவது எப்படி

கற்பனைப் போர்க்கப்பல் வரைய உட்காருபவர்கள் பெரும்பாலும் பீரங்கியில்தான் தொடங்குகிறார்கள். எட்டா பத்தா, 30.5 செ.மீ.யா 38 செ.மீ.யா என்று பேசி முடிவதற்குள் கப்பல் 40,000 டன்னைத் தாண்டிவிடும். முதலில் முடிவு செய்ய வேண்டியது ஆண்டு. அதற்குப் பிறகு எடுக்கும் ஒவ்வொரு முடிவையும் இரண்டு கேள்விகளால் சோதிக்க வேண்டும். இதற்கு எத்தனை டன்? அந்த ஆண்டில் பெர்லினில் வரைபலகை முன் நின்றவருக்கு இது தெரிந்திருக்குமா? இரண்டில் ஒன்றுக்கு விடை இல்லையென்றாலும் அந்த முடிவைக் கிழித்துப் போட்டுவிடலாம்.

இங்கே எடுத்துக்கொள்ளும் ஆண்டு 1910. அந்த ஆண்டுத் திட்டத்தின் உண்மையான பேட்டில் குரூசர் (போர்க்கப்பலின் பீரங்கியும் குரூசரின் வேகமும் சேர்ந்த கப்பல்) சைட்லிட்ஸ்: 24,988 டன், ஐந்து இரட்டை டரட்டில் (சுழலும் பீரங்கிக் கோபுரம்) பத்து 28 செ.மீ. பீரங்கி, பக்கத்தில் 300 மி.மீ. கவசப் பட்டை, 26.5 நாட் (ஒரு நாட் என்பது மணிக்கு 1.85 கி.மீ.). அடுத்து வந்த டெர்ஃப்லிங்கர்: 26,600 டன், நான்கு டரட்டில் எட்டு 30.5 செ.மீ. பீரங்கி. நம் கேள்வி இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. டெர்ஃப்லிங்கரின் பீரங்கியை ஓராண்டு முன்பே, சைட்லிட்ஸ் அளவுக் கப்பலில் ஏற்றியிருக்க முடியுமா? உச்சவரம்பு 25,500 டன்.

நம் ஊரில் ஜெர்மன் கப்பல் என்றால் 1914 செப்டம்பரில் சென்னையைச் சுட்ட எம்டன்தான் நினைவுக்கு வரும். எம்டன் 3,664 டன் சிறு குரூசர், பீரங்கிகள் 10.5 செ.மீ. நாம் வரையப்போவது அதைப்போல் ஏழு மடங்கு.

சட்டமும் பணமும்

ஜெர்மன் கடற்படைச் சட்டத்தில் பேட்டில் குரூசர் என்று ஒரு வகையே கிடையாது. ‘பெரிய குரூசர்’ என்றுதான் இருக்கிறது. 1908 முதல் 1911 வரை ஆண்டுக்கு மூன்று போர்க்கப்பல், ஒரே ஒரு பெரிய குரூசர். எண்ணிக்கையைக் கூட்ட வழியில்லாததால், தேவைப்பட்டால் போர்க்கப்பல் வரிசையிலேயே நின்று அடி வாங்கக்கூடியதாக அந்த ஒன்றைக் கட்டினார்கள். அதனால்தான் பிரிட்டனின் இன்வின்சிபிளுக்கு 152 மி.மீ. பட்டை இருந்தபோது ஜெர்மனியின் ஃபான் டெர் டானுக்கு 250 மி.மீ. வந்தது. பட்டையை 200 ஆக்கி வேகத்தை 29 நாட் ஆக்கினால் அது பிரிட்டிஷ் கப்பல். ஜெர்மன் கொடி ஏற்றியதால் ஜெர்மன் கப்பலாகிவிடாது.

விலைக்கும் ஒரு மதிப்பீடு போடுங்கள். ஃபான் டெர் டான் 3.65 கோடி மார்க், சைட்லிட்ஸ் 4.47 கோடி, டெர்ஃப்லிங்கர் 5.6 கோடி. டன் எடையால் வகுத்தால் முறையே சுமார் 1,890, 1,790, 2,100 மார்க். நம் கப்பலுக்கு டன்னுக்கு 1,950 என்று வைத்தால் ஏறக்குறைய 5 கோடி. நாடாளுமன்றத்தில் கடற்படை அமைச்சுச் செயலர் டிர்பிட்ஸ் வாதாடிப் பெறக்கூடிய தொகைதான். 6 கோடியைத் தாண்டினால் 1910-ல் அந்தக் கோப்பு நகர்ந்திருக்காது.

உடலின் அளவு

பால்டிக்கையும் வடகடலையும் இணைக்கும் கீல் கால்வாயின் பழைய பூட்டுகள் (கப்பல் நுழைந்து நீர்மட்டம் மாற்றும் கதவுத் தொட்டிகள்) 125 மீட்டர் நீளம், 22 மீட்டர் அகலம். அகலப்படுத்தும் வேலை 1907-ல் தொடங்கி 1914-ல் முடிந்தது. புதிய பூட்டுகள் 310 × 42 மீட்டர். ஆக 1910-ல் வரையும் கப்பல் பூட்டுக்குள் நுழையுமா என்று அஞ்ச வேண்டியதில்லை. மூழ்கு ஆழத்தில்தான் கவனம் வேண்டும். கடற்படைத் தளமான வில்ஹெல்ம்ஸ்ஹாஃபனின் வாசலில் உள்ள ஆழம் குறைந்த கடலும், உப்புக் குறைந்த பால்டிக் நீரும் அதைக் கட்டுப்படுத்துகின்றன.

நீர்க்கோட்டு நீளம் 205 மீ., அகலம் 28.5 மீ., வடிவமைப்பு மூழ்கு ஆழம் 8.2 மீ. மூன்றையும் பெருக்கினால் சுமார் 47,900 கன மீட்டர். பிளாக் கெழு (இந்தப் பெட்டியில் உடல் நிரப்பும் பங்கு) 0.52 என்று வைத்தால் நீருக்குள் இருக்கும் கன அளவு 24,900. கடல்நீரின் அடர்த்தி 1.025-ஆல் பெருக்கினால் 25,500 டன். போர்க்கப்பல் படத்தைப் பார்த்து 0.60 என்று எடுத்தால் 29,000 டன்னுக்கு மேல் வரும். அந்த உடலை 26 நாட் ஓட்ட எஞ்சின் போதாது.

கோட்டுப்படத்தில் நீர்க்கோடுகளை (உடலின் கிடைவெட்டுகளை) 2 மீட்டர் இடைவெளியில் போடுங்கள். மேலிருந்து பார்த்தால் அவை கோத்தகிரிச் சரிவில் தேயிலைப் படிக்கட்டுகள் வளைந்து போவது போலவே தெரிய வேண்டும். எங்காவது இரண்டு கோடு நெருங்கிப் பிறகு சட்டென்று விலகினால் அங்கே உடலில் ஒரு புடைப்பு இருக்கிறது. குறுக்கு வெட்டுகளுக்கு 0 முதல் 20 வரை 21 நிலையங்கள், இடைவெளி 10.25 மீ. வெட்டுகளிலிருந்து கன அளவைக் கணிக்கும் சிம்ப்சன் விதிக்கு இடைவெளிகளின் எண்ணிக்கை இரட்டைப்படையாக இருந்தாக வேண்டும். 20 நிலையம் போட்டுவிட்டுக் கன அளவு ஏன் தவறுகிறது என்று தேடுபவர்கள் நிறையப் பேர்.

மழைக்காலத்தில் ஊட்டியிலும் குன்னூரிலும் கிராஃப் தாளை நம்பக் கூடாது. மூடுபனி அறைக்குள் வரும் நாளில் தாள் ஈரத்தை இழுத்து உப்புகிறது, அதுவும் ஒரு திசையில் கூடுதலாக. காலையில் வரைந்த கோட்டை மாலையில் அளந்தால் அளவு மாறியிருக்கும். பாலியஸ்டர் ஃபிலிமில் வரையுங்கள். அல்லது தாளில் இருந்து அளக்காமல் ஒவ்வொரு நிலையத்தின் அரை அகலத்தையும் எண்ணாகவே எக்செல்லில் எழுதி வையுங்கள். இரண்டாவது வழியே மேல்.

வேகம்

குதிரைத்திறனை மதிப்பிட பழைய அட்மிரால்டி சூத்திரமே போதும்: இடப்பெயர்ச்சியின் (கப்பலின் டன் எடை) கனமூலத்தை வர்க்கித்து, வேகத்தின் கனத்தால் பெருக்கி, ஒரு கெழுவால் வகுப்பது. கெழுவை ஊகிக்க வேண்டாம், உண்மைக் கப்பல்களிலிருந்தே எடுக்கலாம். வடிவமைப்பு எண்களைப் போட்டால் ஃபான் டெர் டானுக்கு 260, மோல்ட்கேவுக்கு 258, சைட்லிட்ஸுக்கு 252, டெர்ஃப்லிங்கருக்கு 263 வருகிறது. கட்டி முடிக்கப்படாத மாக்கென்சனுக்கு, 28 நாட் என்பதால், 241-க்கு இறங்குகிறது. நமக்கு 257 சரி.

25,500-இன் கனமூலம் 29.43, வர்க்கம் 866. 26 நாட்டுக்கு 59,200 குதிரைத்திறன் வேண்டும். 26.5-க்கு 63,000 கிட்ட. 27-க்கு 66,300. கடைசி ஒரு நாட்டுக்கு மட்டும் 7,100. இது ஜெர்மன் குதிரைத்திறன் என்பதை மறக்க வேண்டாம்: 0.7355 கிலோவாட். பிரிட்டிஷ் எண்களோடு ஒப்பிடும்போது 63,000 என்பது 62,100 ஆகிவிடும். டன்னிலும் அதே சிக்கல். பிரிட்டிஷ் டன் 1,016 கிலோ, ஜெர்மன் டன் 1,000. இரண்டையும் கலந்தால் 25,500-இல் 400 டன் மாயமாகும்.

எஞ்சின் அறை எடைக்குக் குதிரைத்திறனுக்கு 58 கிலோ என்று தொடங்கலாம். ஜெர்மானியர்கள் மெல்லிய குழாய்க் கொதிகலன் வைத்ததால்தான் இவ்வளவு குறைவு. பெரிய குழாய்க் கொதிகலன் வைத்த பிரிட்டிஷ் கப்பலுக்கு இதே எண்ணைப் போடாதீர்கள். 63,000-க்கு 3,650 டன்.

கொதிகலன் எண்ணிக்கை: சைட்லிட்ஸில் 63,000-க்கு 27, அதாவது ஒன்றுக்கு 2,333. பின்னால் 26 நாட்டுக்கு இறங்கப்போவதால் நமக்கு 60,000 என்றால் 26 வரும். அறைக்கு மூன்று வீதம் ஒன்பது அறை என்று 27 ஆக்கிவிடுங்கள். எல்லாம் நிலக்கரி, எல்லாம் கையால் அள்ளிப் போடுவது. குன்னூர் ஷெட்டில் நிலக்கரி ரயில் எஞ்சினின் தீப்பெட்டியைத் துப்புரவு செய்வதைப் பார்த்தவர்களுக்குச் சாம்பல் கட்டி என்ன செய்யும் என்று தெரியும். மட்டமான கரி தட்டில் உருகிக் கட்டினால் காற்று ஏறாது, அழுத்தம் விழும். சோதனை ஓட்ட வேகத்தைப் போர்க்கால வேகமாக எழுதக் கூடாது என்பதற்கு இது ஒன்றே போதும்.

கவசம்

இங்கேதான் நேரம் செலவிட வேண்டும். ஒரு சதுர மீட்டர், ஒரு மில்லிமீட்டர் தடிமன் எஃகு 7.85 கிலோ. 300 மி.மீ. பட்டை என்றால் சதுர மீட்டருக்கு 2.355 டன். மற்றதெல்லாம் பரப்பளவு கண்டுபிடிக்கும் வேலை. ‘300 மி.மீ. பட்டை’ என்று மட்டும் எழுதினால் அதில் ஒன்றுமே இல்லை. எவ்வளவு நீளம், எவ்வளவு உயரம், எங்கே மெலிகிறது என்பதில்தான் டன் ஒளிந்திருக்கிறது.

முதல் பார்பெட்டிலிருந்து (டரட் அமரும் கவச உருளை) கடைசிப் பார்பெட் வரை 120 மீட்டர் கோட்டை, அதாவது கனத்த கவசம் சூழ்ந்த நடுப்பகுதி. முழுத் தடிமன் 2.2 மீ. உயரத்துக்கு மட்டும்: இரு பக்கமும் சேர்த்து 528 ச.மீ., 1,243 டன். அதற்குக் கீழே 1.4 மீ. உயரத்துக்கு 300-இலிருந்து 150-க்கு மெலிகிறது: 593 டன். மேலே 2.5 மீ., சராசரி 250 மி.மீ.: 1,178 டன். முன் முனையில் 50 மீட்டருக்கு 110 மி.மீ. சராசரி என்றால் 345. பின் முனையில் 30 மீட்டருக்கு 100 மி.மீ. என்றால் 165. 15 செ.மீ. பீரங்கிகள் இருக்கும் தளத்துக்கு 150 மி.மீ., 412 டன். கோட்டையின் இரு முனைகளையும் அடைக்கும் குறுக்குச் சுவர்கள் 220 மி.மீ., 414 டன்.

டார்பிடோ தடுப்புச் சுவர் 45 மி.மீ. 130 மீ. நீளம், 7.5 மீ. உயரம், இரு பக்கமும்: 689 டன். இதைக் குறைக்கத்தான் எல்லோருக்கும் கை பரபரக்கும். குறைக்கவே கூடாது. வெளித்தோலுக்கும் இந்தச் சுவருக்கும் நடுவில் நிலக்கரி அறைகள் வரும். வெடிப்பின் வேகத்தைக் கரி வாங்கிக்கொள்ளும், மிச்சத்தை இந்தச் சுவர் தாங்கும். 1916-இன் ஜட்லாந்து கடற்போரில் சைட்லிட்ஸ் ஒரு டார்பிடோவும் இருபதுக்கு மேற்பட்ட கனரகக் குண்டுகளும் வாங்கி, 5,300 டன் நீரோடு வீடு திரும்பியது. சுவரின் நீளம் முன் டரட்டைத் தாண்டிப் போகிறதா என்று படத்தில் சரிபாருங்கள்.

கவசத் தளம் சமதளத்தில் 30, ஓரச் சரிவில் 50. சராசரி 35 என்று 1,124 டன். மேல் தளத்தில் கோட்டைக்கு மேல் 20 மி.மீ., 466. இவ்வளவு மெல்லிய தளமா என்று இன்று கேட்கத் தோன்றும். டெர்ஃப்லிங்கரின் பீரங்கியே முதலில் 13.5 பாகைக்கு மேல் உயராது. வடகடல் மூட்டத்தில் சண்டை கிட்டத்தில்தான் நடக்கும், குண்டு தாழ்ந்து வந்து பக்கத்தில்தான் மோதும் என்பது அன்றைய கணக்கு. 1910 கப்பலுக்கு 75 மி.மீ. தளம் போடுவது பின்னறிவு.

பார்பெட்டை 9 மீட்டர் குறுக்களவு உருளையாக எடுங்கள், சுற்றளவு 28.3 மீ. வெளியே தெரியும் பகுதி 260 மி.மீ. தாழ்ந்த இரண்டுக்கு 3 மீ. வீதமும், அவற்றுக்கு மேலாகச் சுடும் உயர்ந்த இரண்டுக்கு 5.5 மீ. வீதமும் உயரம்: மொத்தம் 17 மீ., 982 டன். பட்டைக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் கீழ்ப்பகுதி 60 மி.மீ. சராசரி, 213 டன். கட்டளைக் கோபுரங்கள் 200. கூட்டினால் 8,024, போல்ட்டும் பின்னால் வைக்கும் தேக்குப் பலகையும் சேர்த்து 8,250 என்று வைக்கலாம்.

இரண்டு இடத்தில் கை தவறும். ஒன்று, ஒரு பக்கத்தை மட்டும் கணக்கிட்டுவிட்டு இரண்டால் பெருக்க மறப்பது. மற்றது, டரட்டின் சொந்தக் கவசத்தைக் கவசத்திலும் ஆயுதத்திலும் இருமுறை எழுதுவது. நாம் டரட்டை அதன் கவசத்தோடு சேர்த்து ஒன்று 550 டன் என்று ஆயுதக் கணக்கில் மட்டும் வைக்கிறோம்.

பட்டியல் மூடுகிறதா

ஆயுதம்: நான்கு டரட் 2,200. பீரங்கிக்கு 90 வீதம் 720 குண்டு. 405 கிலோ குண்டும் வெடிமருந்தும் பித்தளைக் கூடும் சேர்த்து ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 600 கிலோ, ஆக 432. பன்னிரண்டு 15 செ.மீ. பீரங்கியும் குண்டுகளும் 330, சில்லறை ஆயுதங்கள் 150.

உடல் 7,750
கவசம் 8,250
முதன்மை எஞ்சின் 3,650
துணை எந்திரங்கள் 500
ஆயுதம் 3,112
நிலக்கரி, வடிவமைப்பு நிலையில் 1,000
ஆட்கள், தண்ணீர், உணவு, படகு, சங்கிலி 1,000

மொத்தம் 25,262. உச்சவரம்புக்கு மிச்சம் 238 டன், ஒரு சதவீதம்கூட இல்லை. கட்டும்போது எடை ஏறாத கப்பல் உலகில் இல்லை. 2 சதவீதமாவது, அதாவது 500 டன் கிட்ட, கையிருப்பு வேண்டும். எதை வெட்டுவது? பட்டையில் 25 மி.மீ. குறைத்தால் வருவது அதிகம் இல்லை, இழப்பதோ இந்தக் கப்பல் வகையின் அடிப்படையை. எங்கள் தேர்வு அரை நாட். 26.5-இலிருந்து 26 ஆக்கினால் 3,800 குதிரைத்திறன் குறையும், 220 டன் மிஞ்சும். கையிருப்பு 460 டன் ஆகிவிடும்.

அந்த அரை நாட்டுக்காக வருந்தவும் வேண்டாம். ஃபான் டெர் டானின் வடிவமைப்புத் திறன் 42,000. சோதனை ஓட்டத்தில் 79,000 காட்டி 27.4 நாட் ஓடியது. மோல்ட்கே 25.5-க்கு வரையப்பட்டு 28.4 ஓடியது. வடிவமைப்பு எண்ணை அடக்கமாக எழுதிவிட்டுக் கொதிகலனை அழுத்தி ஓட்டுவது ஜெர்மன் வழக்கம். இரண்டையும் ஒரே கணக்கில் கலந்து, ‘28 நாட் வடிவமைப்பு’ என்று எழுதி, அதற்கு மேல் இன்னும் இரண்டு நாட் சோதனை ஓட்டத்தில் கூட்டுபவர்கள் உண்டு. அங்கே கப்பல் கற்பனையை விட்டு மாயாஜாலத்துக்குப் போய்விடும்.

கவிழாமல் நிற்குமா

கப்பல் சாய்ந்தால் நிமிரும் திறனுக்கு அளவு ஜிஎம், மெட்டாசென்டர் என்ற புள்ளி எடை மையத்துக்கு மேலே எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பது. ஜிஎம் = கேபி + பிஎம் − கேஜி. கேபி என்பது அடிக்கட்டையிலிருந்து மிதவை மையம் வரை; நம் உடலுக்கு 4.77 மீ. பிஎம் என்பது நீர்க்கோட்டுப் பரப்பின் நிலைமத் திருப்புதிறனைக் கன அளவால் வகுப்பது. நீர்க்கோட்டுக் கெழு 0.69 என்றால் 7.75 மீ. கூட்டினால் 12.5.

கேஜிக்கு, அதாவது அடிக்கட்டையிலிருந்து எடை மையத்தின் உயரத்துக்கு, குறுக்கு வழி கிடையாது. பட்டியலில் உள்ள ஒவ்வொன்றின் எடையையும் அடிக்கட்டையிலிருந்து அதன் மையத்தின் உயரத்தால் பெருக்க வேண்டும். உடல் 8.5 மீ., கவசம் சராசரி 10.5, எஞ்சின் 5, டரட்டுகள் சராசரி 16.5, குண்டுகள் 4.5 என்று போனால் மொத்த மையம் 9.4 மீ. கிட்ட நிற்கும். ஜிஎம் 3.1. சைட்லிட்ஸுக்கு 3.12, டெர்ஃப்லிங்கருக்கு 2.60 என்பதைப் பார்த்தால் நாம் வழி தவறவில்லை. உருளும் காலம் ஏறக்குறைய அகலம் × 0.8 ÷ ஜிஎம்மின் வர்க்கமூலம்: 13 வினாடி.

உயர்ந்த டரட்டின் விலை இங்கேதான் தெரியும். 550 டன் டரட்டை 2.5 மீ. தூக்கினால் கேஜி 5 செ.மீ. ஏறும், இரண்டுக்கு 11. கூடுதல் பார்பெட் வளையங்கள் இரண்டும் சேர்த்து 290 டன், மிக உயரத்தில். அது இன்னொரு 8. ஆக 19 செ.மீ. ஜிஎம் போகிறது. பதிலுக்கு எட்டுப் பீரங்கியும் இரு பக்கமும் தடையில்லாமல் சுடும், ஒருமுறை சுட்டால் 3,240 கிலோ. சைட்லிட்ஸின் பத்து 28 செ.மீ. பீரங்கி 302 கிலோ வீதம் 3,020 கிலோதான். போதாவிட்டால் அகலத்தை அரை மீட்டர் கூட்டலாம், பிஎம் 40 செ.மீ. ஏறும். ஆனால் தளக் கவசம், குறுக்குச் சுவர் எல்லாம் அகலமாகும். திரும்பவும் பட்டியலுக்குப் போக வேண்டும்.

எண்ணை நம்பாதவர்கள் ஒரு மாதிரி செய்து பார்க்கலாம். 1:400 அளவில் கப்பல் 51 செ.மீ. நீளம், 7.1 செ.மீ. அகலம். நீலகிரியில் சில்வர் ஓக் பலகைக்குப் பஞ்சமில்லை. 5 மி.மீ. தடிமனாக இழைத்த ஏழு பலகையை ஒன்றன்மேல் ஒன்று ஒட்டுங்கள். ஒவ்வொரு பலகையும் 2 மீட்டர் நீர்க்கோட்டு இடைவெளி. படிகளை அரத்தாலும் உப்புத்தாளாலும் மழித்தால் உடல் வந்துவிடும். முழுக்கட்டையாக விட்டால் 430 கிராம் தாண்டும். நன்னீரில் சரியான ஆழத்தில் மிதக்க மொத்தம் 389 கிராம்தான் இருக்கலாம். ஆகவே ஒட்டுவதற்கு முன்பே நடுப் பலகைகளைக் குடைந்துவிடுங்கள். ஈயத்துண்டு வைத்து எடை மையத்தை அடியிலிருந்து 23.5 மி.மீ.க்குக் கொண்டுவர வேண்டும். வார்னிஷ் இரண்டு கை அடிக்காவிட்டால் மரம் நீர் குடித்து நிமிடத்துக்கு நிமிடம் எடை மாறும்.

தொட்டியை வீட்டுக்குள் வையுங்கள். முற்றத்துக் காற்று போதும் கணக்கைக் கெடுக்க. தண்ணீரில் ஒரு துளி பாத்திரம் கழுவும் சோப்பு விடுங்கள். இவ்வளவு சிறிய மாதிரி நீரின் மேற்பரப்பு இழுவிசையிலேயே ஒட்டிக்கொண்டு சாய மறுக்கும். தளத்தில் 5 கிராம் எடையை இடது ஓரத்திலிருந்து வலது ஓரத்துக்கு 5 செ.மீ. நகர்த்துங்கள். 10 செ.மீ. நூலில் தொங்கும் தூக்குக் குண்டின் நுனி 8.3 மி.மீ. நகர்ந்தால் ஜிஎம் 3.1 மீ. சரி. 10 மி.மீ. நகர்ந்தால் 2.6 மீட்டர்தான் இருக்கிறது. தூக்குக் குண்டு ஒரு கிராமுக்கு மேல் வேண்டாம். அது தொங்கும் இடத்தில் அல்ல, கட்டப்பட்ட உச்சியில் இருப்பதாகவே கப்பல் உணரும். உச்சியில் ஒரு கிராம் என்பதே ஜிஎம்மில் 3 சதவீதத்தைத் தின்றுவிடும்.

வெடிமருந்தும் டார்பிடோ அறையும்

பின்னறிவு மிக எளிதாக நுழையும் இடம் இது. 1915 ஜனவரி 24-இல் டாகர் பேங்க் கடற்போரில் பிரிட்டிஷ் கப்பல் லயனின் 343 மி.மீ. குண்டு சைட்லிட்ஸின் பின் பார்பெட்டைத் துளைத்தது. உள்ளே இருந்த மருந்து தீப்பற்றி, திறந்த கதவு வழியே பக்கத்து டரட்டுக்கும் தீ பரவியது. 159 பேர் இறந்தார்கள். கப்பலின் பம்பு பொறுப்பாளர் வில்ஹெல்ம் ஹைட்காம்ப் கிடங்குக்குள் நீரைத் திறந்துவிட்டதால் கப்பல் பிழைத்தது. தீத்தடுப்புக் கதவுகளும் கடுமையான விதிகளும் அதன் பிறகே வந்தன. 1910 படத்தில் அவற்றை வரைந்துவிட்டு ‘என் கப்பல் தப்பும்’ என்பது ஏமாற்று.

அன்றே தெரிந்ததை மட்டும் வையுங்கள். க்ருப் பீரங்கியின் பின்பக்கம் ஆப்புப் போல நழுவி மூடும். அதற்கு முதன்மை மருந்து பித்தளைக் கூட்டில் இருந்தாக வேண்டும். முன் மருந்துதான் பட்டுப்பையில். பிரிட்டிஷ் பீரங்கிக்கு எல்லாமே பட்டுப்பையில் கார்டைட். நம் அரவங்காட்டுத் தொழிற்சாலை பெயர்பெற்ற அதே கார்டைட்தான். ஜட்லாந்தில் மூன்று பிரிட்டிஷ் பேட்டில் குரூசர்கள் வெடித்துச் சிதறியதற்கும் சைட்லிட்ஸின் மருந்து வெடிக்காமல் எரிந்து முடிந்ததற்கும் இந்த வேறுபாட்டில் பங்கு இருக்கிறது. கூட்டின் எடையைக் குண்டுக் கணக்கில் சேர்த்திருக்கிறோமா என்று மறுபடி பாருங்கள்.

முன் டார்பிடோ அறை வேறு கதை. முதல் டரட்டுக்கு முன்னால், நீருக்கடியில், இரு பக்கமும் ஒரு குழாய். நடுவில் தடுப்பே இல்லாத ஒரே பெரிய அறை. ஜட்லாந்தில் டெர்ஃப்லிங்கரின் சகோதரக் கப்பல் லூட்ஸோவை முடித்தது முன்பகுதியில் புகுந்த நீர்தான். அதைக் காரணமாகச் சொல்லி அறையை நீக்கக் கூடாது, அது 1916. ஆனால் 1910-லேயே ஒரு வெள்ளக் கணக்கு போட முடியும். அறை 12 × 13 × 4 மீ. என்றால் 640 டன் நீர். நடுவிலிருந்து 70 மீ. முன்னால் இருப்பதால் முன் முனைக்கும் பின் முனைக்கும் ஆழ வேறுபாடு ஒரு மீட்டர் கிட்ட வரும், முன் முனை 60 செ.மீ.க்கு மேல் இறங்கும். நீருக்கடியில் மற்ற எல்லா இடத்தையும் சிறு அறைகளாகப் பிரித்த அதே கை இங்கே மட்டும் விதிவிலக்கு தந்திருக்கிறது. அந்த வாதம் அன்றும் செல்லும். நம் கப்பலில் பக்கக் குழாய்கள் பின் டரட்டுக்கு அருகே போகின்றன. முன்னால் ஒரு குழாய் மூக்கில் மட்டும், அதன் அறையை நடுவில் நீளவாட்டில் ஒரு சுவர் பிரிக்கிறது.

கடைசியாக ஒரு சரிபார்ப்பு, பலர் விட்டுவிடுவது. எல்லாக் கணக்கும் 1,000 டன் கரியோடு போட்டது. போருக்குப் புறப்படும் கப்பலில் 3,500 டன் இருக்கும். நீர்க்கோட்டுப் பரப்பு 4,030 ச.மீ., ஆக ஒரு சென்டிமீட்டர் மூழ்க 41 டன். கூடுதல் 2,500 டன்னுக்குக் கப்பல் 60 செ.மீ. இறங்கும், பால்டிக் நீரில் இன்னும் 8 செ.மீ. முழுத் தடிமன் பட்டை வடிவமைப்பு நிலையில் நீருக்குக் கீழே 40 செ.மீ., மேலே 1.8 மீ. என்று வரைந்திருந்தால், சண்டை தொடங்கும்போது வடகடலில் மேலே 1.2 மீட்டர்தான் மிஞ்சும். நீருக்கு மேலே அதைவிடக் குறைந்தால் பட்டையை உயர்த்தி வரைந்து, கேஜி கணக்கை முதல் வரியிலிருந்து மறுபடி போடுங்கள்.